வலது காலில் கியர், வடசென்னையில் கெத்து

புல்லட் ஓட்டத் தெரியுமா என்று திருவொற்றியூரில் யாராவது கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அடுத்த கேள்வி காத்திருக்கும்: எந்தக் காலில் கியர்?

இன்றைக்கு ஷோரூமில் வாங்கும் எந்த மோட்டார் சைக்கிளுக்கும் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். பழைய புல்லட்டில் இரண்டும் தலைகீழ். வலது காலில் கியர். மேலே ஒன்று, கீழே மூன்று. அதோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன லிவர். குதிகாலால் அதை அழுத்தினால், முதல் கியரைத் தவிர வேறெந்தக் கியரில் இருந்தாலும் வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். சிக்னலில் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காரும் அந்தத் தோரணைக்காகவே வண்டியை விற்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. புது வண்டியில் பழகியவர் இதில் ஏறினால் முதலில் ஒரு கண்டம் இருக்கிறது. பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்துவார். வண்டி நிற்காது, அடுத்த கியருக்குப் போகும்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நீளும் இந்தப் பட்டையில் இப்படி ஒரு வலது கியர் புல்லட்டை ஓடும் நிலையில் வைத்திருப்பது கெத்து. ஊரெல்லாம் பைக்கை ஆல்டர் பண்ணிக் காட்டுகிறது. இங்கேயும் அது உண்டு. ஆனால் இங்கே பெரியவர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பது என்ன மாட்டியிருக்கிறது என்பதை மட்டுமில்லை. எதை மாற்றாமல் விட்டிருக்கிறது என்பதையும்தான். காரணம் எளிது. இந்த வண்டியைச் செய்த ஆலை இதே ஊரில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. செய்த ஊரில் ஏமாற்ற முடியாது.

ரெட்டிச்சில் பிறந்தது, ஒற்றியூரில் வளர்ந்தது

ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில். 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி தேடிய இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்தது. அப்போது புல்லட்டை இங்கே இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸ்; அதன் பின்னால் இருந்தவர் கே.ஆர்.சுந்தரம் ஐயர். 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைக் கோப்பது மட்டும்தான் திருவொற்றியூரின் வேலை. பிறகு பாகங்களைச் செய்வதற்கான கருவிகளும் வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராகின.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி அடியோடு நின்றது. திருவொற்றியூரில் மட்டும் ஷிப்டு சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. கம்பெனி வைத்திருந்தது 1955-ன் வடிவம். போட்டி குறைந்த, கதவடைத்த சந்தை. மைசூரிலிருந்து ஜாவா, எஜ்டி, வடக்கேயிருந்து ராஜ்தூத் தவிர பெரிதாக வேறு வண்டி இல்லை. எதற்கு மாற்ற வேண்டும்? மாற்றவில்லை. தாய்வீட்டில் செத்துப்போன வண்டி இங்கே அப்படியே உயிரோடு இருந்தது. 1977-ல் அதையே இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் தம் அப்பா ஓட்டிய வண்டியைப் புத்தம் புதிதாக மெட்ராஸிலிருந்து வாங்கினார்.

இந்தத் தேக்கம் கம்பெனிக்குப் பின்னால் வினையானது. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அதுவே வரம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அடிப்படை மாறாத எஞ்சின் என்றால், 1960-களின் வண்டிக்கு 1990-களின் பாகம் பெரும்பாலும் பொருந்தும். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடினால் பழைய புல்லட்டுக்கு இன்றைக்கும் ஏதாவது கிடைக்கிறதே, அதற்கு இதுதான் காரணம். அதே காலத்து வேறொரு வண்டியை வைத்துக்கொண்டு ஒரு பிஸ்டனுக்கு அலைந்து பாருங்கள், தெரியும்.

1980-களில் ஜப்பான் கூட்டோடு 100 சிசி வண்டிகள் வந்தன. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதே கேள்வியான காலத்தில் புல்லட் திணறியது. என்ஃபீல்டும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனி வழியாக வந்த ஃப்யூரி 175, சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்று சின்ன வண்டிகள் செய்து பார்த்தது. டாரஸ் என்று டீசல் புல்லட்கூடச் செய்தது. ஃப்யூரியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இந்தியச் சாலையில் மற்றவர்கள் டிரம் பிரேக்கோடு போய்க்கொண்டிருந்த காலம் அது. எதுவும் பெரிதாக ஓடவில்லை. இன்றைக்கு ஒரு ஃப்யூரியை ஓடும் நிலையில் கொண்டுவந்து நிறுத்தினால், பக்கத்தில் நிற்கும் பத்து புல்லட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

1990-ல் ஐஷர் குழுமம் உள்ளே வந்தது. 1994-ல் கம்பெனி அவர்கள் கைக்குப் போய் ராயல் என்ஃபீல்டு ஆனது. 2000 வாக்கில் மாதம் 6,000 வண்டி செய்யக்கூடிய நிறுவனம் 2,000 விற்கவே தள்ளாடியது. மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தபோது பொறுப்பேற்றவர் சித்தார்த்த லால். 2009-ல் கிளாசிக் வந்தது. 2012-ல் ஆண்டு விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2013-ல் ஒரகடத்தில் புது ஆலை. அதன் பிறகு வல்லம் வடகால். உற்பத்தியின் பெரும்பகுதி தெற்கே போய்விட்டது.

ஆலையின் வேலை ஒரகடத்துக்குப் போனது. வேலை கற்ற கைகள் அத்தனையும் பஸ் ஏறிப் போய்விடவில்லை.

பட்டறைத் தெருவின் பலம்

வடசென்னையைப் பற்றி எழுதுகிறவர்கள் கானா, கேரம், குத்துச்சண்டை என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லேத்தை விட்டுவிடுகிறார்கள். 1946-ல் மம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யும் கொட்டகை போட்டது திருவொற்றியூரில், அதுதான் எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்தது. 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ். பிறகு அது அசோக் லேலண்ட். சாணைக்கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல், இரும்பு வார்க்கும் எண்ணூர் ஃபவுண்ட்ரீஸ், தீப்பெட்டி செய்த விம்கோ. விம்கோவின் பெயர் இப்போது மெட்ரோ ஸ்டேஷனில் இருக்கிறது. இரும்பு உருக்கவும், கடையவும், தேய்க்கவும், ரப்பர் வார்க்கவும் தெரிந்த குடும்பங்கள் சில கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் இடம் இது. பெரிய ஆலைகளுக்குச் சிறு பாகம் செய்து கொடுத்த பட்டறைகள் தெருத்தெருவாக. பழைய மோட்டார் சைக்கிளுக்கு வேண்டியது சரியாக இந்த வைத்தியர்கள்தான்.

புல்லட்டின் எஞ்சினைப் பிரித்தால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. 346 சிசி, ஒற்றை சிலிண்டர், 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். காஸ்ட் அயர்ன் பேரல். சக்தி 18 குதிரை. வண்டியின் எடை 160 கிலோவுக்கு மேல். கணக்குப் போட்டால் இன்றைய 150 சிசி வண்டிகூட இதை முந்திவிடும். ஆனால் இந்த எஞ்சினைப் பழுதுபார்க்கக் கணினி வேண்டாம். பேரல் தேய்ந்தால் ரீபோர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கலாம். அந்த அளவும் தாண்டினால் உள்ளே ஸ்லீவ் அடிக்கலாம். கனெக்டிங் ராடு பேரிங் போனால் கிராங்க்கைப் பிரித்து, புதுப் பின் போட்டு, லேத்தில் வைத்து ஓட்டம் பார்க்கலாம். கியர் பாக்ஸின் புஷ் தேய்ந்தால் கன்மெட்டலில் கடைந்து போடலாம். பணம் பிறகு, இதற்கு முதலில் வேண்டியது பொறுமையும் நல்ல லேத்காரரும்.

ஸ்டார்ட் செய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக இறக்கிக்கொண்டே ஆம்ப் மீட்டரைப் பார்க்க வேண்டும். மைனஸ் பக்கம் சாய்ந்த முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். பாயின்ட் திறக்கிறது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை கிக்கரை இறக்கிவிட்டு, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையையும் வைத்து ஒரே உதை. சரியாகச் செய்தால் ஒல்லியான ஆள்கூட ஸ்டார்ட் செய்யலாம். தப்பாகச் செய்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். பலசாலிதான் புல்லட் ஓட்ட முடியும் என்ற பேச்சு, ஆம்ப் மீட்டர் பார்க்கத் தெரியாதவர்கள் கிளப்பிவிட்டது.

உப்புக்காற்றும் பளபளப்பும்

காசிமேட்டிலும் எண்ணூரிலும் பழைய வண்டி வைத்திருப்பவருக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி கடல். ஸ்போக், ரிம், சைலன்சர், ஹேண்டில் பார் எல்லாவற்றிலும் முதலில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி தோன்றும். ஒரு மழைக்காலம் போனால் புள்ளி படையாகும். காசிமேட்டில் வீட்டுக்குள் புல்லட்டை ஏற்றி நிறுத்துபவர்கள் கூடத்தின் பாதியை அதற்கே கொடுத்துவிடுகிறார்கள். மீன் கூடை ஏற்றும் வேலையெல்லாம் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிக்கு. புல்லட் உப்புத்தண்ணீர் படாமல் வளரும் செல்லப்பிள்ளை.

துறைமுகத்தின் நிலக்கரித் தூசி ராயபுரத்துக்காரர்களுக்குப் பழைய பகை. மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி கறுத்து வந்த காலம் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் கரி கையாளுவது நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2011-ல் நின்றது. கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரத்து டேங்க்குகள் மூச்சுவிட்டன, எண்ணூர் டேங்க்குகளின் மேல் சாம்பல் சேர்ந்தது. இந்த ஊரில் ஒரு சங்கடம் தீர்வதில்லை, பக்கத்துத் தெருவுக்குக் குடிபோகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியபோது, எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளின் சுவரில் கறுப்புக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே நின்ற வண்டிகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஆர்வக்கோளாறில் உதைக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எஞ்சின் ஆயில், கியர் பாக்ஸ், கிளட்ச் பக்கம் மூன்றையும் வடித்துவிட்டு, கார்புரேட்டரைப் பிரித்த பிறகுதான் கிக்கர் பக்கம் காலைக் கொண்டுபோக வேண்டும்.

குரோம் போடுவதில் நடக்கும் ஏமாற்று தனிக்கதை. கண்ணாடி போல மின்னுகிறதே, அந்தக் குரோமியப் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அடியில் இருக்கும் நிக்கல்தான் துருவைத் தடுப்பது; அதற்கும் அடியில் செம்பு. இரும்பை நன்றாகத் தேய்த்து, குழி நீக்கி, பஃபிங் பிடித்து, நிக்கலைத் தடியாக ஏற்றி, கடைசியில் குரோம் கொடுத்தால் கடற்கரையிலும் பல ஆண்டு நிற்கும். நிக்கலைக் கண்துடைப்பாகக் காட்டிவிட்டுக் குரோமில் முக்கினால், வாங்கி வந்த அன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்த மழையில் தெரியும். பிளேட்டிங் கடையில் விலை பேசும்போது குரோமைப் பற்றிப் பேசாதீர்கள், நிக்கல் தொட்டியில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். இந்தப் பளபளப்புக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பதற்கு ராணிப்பேட்டையே சாட்சி. கழிவுநீரைச் சாக்கடையில் திறந்துவிடும் கடையில் பத்து ரூபாய் குறைகிறது என்று போய் நிற்பது கெத்து ஆகாது.

டேங்க்குக்கு வருவோம். கறுப்பு டேங்க்கில் தங்க நிறக் கோடு. புல்லட்டின் முகமே அதுதான். அதை ஸ்டிக்கர் என்று நினைப்பவர்கள் உண்டு. தூரிகையால் கையில் போட்ட கோடு அது. டேப் ஒட்டுவது கிடையாது, அளவுகோல் கிடையாது. நீண்ட முடி வைத்த மெல்லிய தூரிகையில் எனாமலைத் தொட்டு, மூச்சைப் பிடித்து, டேங்க்கின் வளைவோடு கையை ஓட்ட வேண்டும். இந்தக் கலை திருவொற்றியூர் ஆலையில் தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்தது. ஒரகடத்து இயந்திரங்களுக்கு நடுவிலும் கோடு போடக் கையையே நம்பினார்கள். கோடு போட்டவரின் கையெழுத்தை டேங்க்கைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கையில் போட்ட கோட்டில் எங்காவது ஓர் இடத்தில் தூரிகை எடுத்து வைத்த மூட்டு தெரியும். அந்த மூட்டைத் தேடித்தான் பெரியவர்கள் டேங்க்கைக் குனிந்து பார்ப்பார்கள். பழைய டேங்க்கில் கோடு கொஞ்சம் தேய்ந்திருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புதுப் பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஆல்டர் பண்ணலாமா?

இங்கே இரண்டு கட்சி. ஒன்று, ஆலையிலிருந்து வந்தது போலவே இருக்க வேண்டும் என்பவர்கள்: ஹெட்லைட்டுக்கு இரு பக்கமும் புலிக்கண் போல இரண்டு குட்டி விளக்கு, பழைய டூல் பாக்ஸ், 19 இஞ்ச் சக்கரம், மட்கார்டின் மேல் நம்பர் பிளேட் என்று ஒரு போல்ட்டைக்கூட விட்டுக்கொடுக்காதவர்கள். இன்னொன்று, வெட்டி, நீட்டி, தாழ்த்தி, பின்சக்கரத்துக்குக் கார் டயர் அகலத்தில் டயர் போட்டு, நீளமான ஃபோர்க்கோடு சாப்பர் ஆக்குபவர்கள். மும்பையின் வார்டென்சி, ஜெய்ப்பூரின் ராஜ்புதானா கஸ்டம்ஸ் போன்ற பட்டறைகள் இதைப் பெரிய கலையாகவே வளர்த்திருக்கின்றன. அவர்கள் செய்யும் வேலையின் நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் என் ஓட்டு முதல் கட்சிக்கு. வெட்ட ஆயிரம் புது வண்டி இருக்கிறது. வலது கியர் காஸ்ட் அயர்ன் புல்லட்டை இனி யாரும் செய்யப்போவதில்லை. 2010-ஐ ஒட்டி மாசு விதிகள் இறுகியதும் அந்த எஞ்சினின் கதை முடிந்தது. ஒரு சேஸிஸை ரம்பம் வைத்து அறுத்தால், இருக்கிற கணக்கில் ஒன்று குறையும்.

ஓட்டுவதற்கு வசதியாகச் சிலவற்றை மாற்றுவதில் தப்பில்லை. பழைய 6 வோல்ட் விளக்கு, எதிரே லாரி வரும் எண்ணூர் விரைவுச் சாலையில் தீக்குச்சி வெளிச்சம்தான் தரும். 12 வோல்ட்டுக்கு மாறலாம். பாயின்ட் செட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம். முன் பிரேக்கை நன்றாகச் செய்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து டிரம்மை நம்பிக் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகிறவர் கடவுளை நம்பிப் போகிறார். இவையெல்லாம் கழற்றி மீண்டும் பழையபடி ஆக்கக்கூடியவை. பழைய பாகத்தைத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள், அவ்வளவுதான்.

சைலன்சர் விஷயத்தில்தான் மனசு கசக்கிறது. கோல்டு ஸ்டார், டால்பின், இந்தோரி என்று சந்தையில் ரகரகமாக இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாத குழாய். போலீஸ் அவற்றைப் பறிமுதல் செய்து ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். புல்லட்டின் பீட் வருவது சைலன்சரிலிருந்து மட்டுமல்ல. நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், குறைந்த கம்ப்ரஷன். அதனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் அணையாமல் நிற்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால் 400 வெடி, அதாவது நொடிக்கு ஆறேழு. காது அவற்றைத் தனித்தனியாக எண்ணும் எல்லையில் இருக்கிறது, அதனால்தான் அந்தத் 'தட்... தட்'. இதை இன்னும் இடைவெளி விட்டுக் கேட்க ஆசைப்பட்டுச் சிலர் ஐடிலை மிகவும் குறைத்து வைப்பார்கள். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஆயில் பம்ப்பும் அப்போது சோர்ந்துவிடும். மேலே ஹெட்டில் ராக்கருக்கு ஆயில் போதாது. டீக்கடை வாசலில் பீட் கேட்டு ரசித்துவிட்டு, மாசக் கடைசியில் மெக்கானிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். நல்ல டேப்பெட் அட்ஜஸ்ட்மென்டும் ஒழுங்கான கார்புரேட்டர் ட்யூனிங்கும் இருந்தால் கம்பெனி சைலன்சரிலேயே பீட் பேசும். குழந்தை தூங்கும் தெருவில் வெறுங்குழாயோடு போகிறவரை எந்த ஊரிலும் ரசிகர் என்று சொல்ல மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த நிறுவனம் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நிறம் மாற்றலாம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழம்பொருள் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. வாரம் ஒரு முறையாவது வடிவுடையம்மன் கோயில் வரை போய்வர வேண்டும் என்பவருக்கு அது சரிப்படாது. அவர் பழைய பதிவையே ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு போவது நல்லது. அந்தக் கட்டணமும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது: 2022-ல் மோட்டார் சைக்கிளுக்கு 300-லிருந்து 1,000 ஆனது, 2025-ல் 20 ஆண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு 2,000.

காட்டும் நாள்

பைக்கை அழகு பார்த்து ஊருக்குக் காட்ட கோவாவில் விழா நடக்கிறது. ராயல் என்ஃபீல்டு நிறுவனமே நடத்துகிறது. வடசென்னைக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஆயுத பூஜை போதும். ஆலையும் பட்டறையும் நிறைந்த ஊரில் தீபாவளியைவிடப் பெரிய நாள் அது. லேத்துக்குச் சந்தனம், வெல்டிங் செட்டுக்குக் குங்குமம், வாசலில் வாழைக்கன்று. வண்டியைத் துடைத்து, சக்கரத்தில் மாலை சுற்றி, எலுமிச்சையை நசுக்கி ஒரு சுற்றுப் போய்வருவார்கள். அன்றைக்குத்தான் பரணிலும் பின்கட்டிலும் கிடந்த பழைய வண்டிகள் தெருவுக்கு வரும். ஹெட்லைட்டில் வேளாங்கண்ணி மாதா, டேங்க்கில் முருகன் வேல், கண்ணாடியில் அம்பேத்கர், பின் மட்கார்டில் பிள்ளைகளின் பெயர். இந்தத் தெருக்களில் வண்டியை அலங்கரிப்பது என்றால் குடும்பத்தை எழுதுவது என்றும் பொருள்.

வேகத்தைக் காட்ட விரும்பியவர்களுக்கும் ஒரு காலத்தில் இடம் இருந்தது. செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரம். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. வீட்டுப் பட்டறையில் மாற்றியமைத்த புல்லட்டும் ஜாவாவும் அந்தத் தளத்தில் சீறின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான டிராக் வந்ததும் அது ஓய்ந்தது. ஒரகடம் போலவே இதுவும் தெற்கே போனது. அதற்குப் பிறகு வடசென்னை இளைஞர்களின் வேகம் ஆர்.எக்ஸ். 100-ல் ஏறிக்கொண்டது, அதுவும் இப்போது பழைய வண்டி. பைக் ஒன்று இங்கே ஓர் இளைஞனுக்கு எவ்வளவு என்பதை வெற்றிமாறன் 2007-ல் 'பொல்லாதவன்' படத்தில் காட்டிவிட்டார். தொலைந்தது ஒரு பல்சர்தான். கதை முழுக்க அதைத் தேடியே ஓடியது.

ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலகின் மிகப் பழைய மோட்டார் சைக்கிள் பெயர்களில் ஒன்று இன்று உயிரோடு இருக்கிறது என்றால் அதைக் காப்பாற்றியது திருவொற்றியூர். அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் வந்து பார்க்கும்படி, 1955 புல்லட்டும் ஃப்யூரியும் டாரஸும் கோடு போட்ட தூரிகையும் வைத்து, அந்த முதல் ஆலையிலேயே ஒரு நிரந்தர அருங்காட்சியகம் திறக்கட்டும். ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் கட்டியது என்று பெருமைப்படும் அதே வடசென்னைக்காரர்கள் இதற்கும் பெருமைப்படுவார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவோ மாமாவோ ஓட்டிய புல்லட் பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் பீரோவைத் திறந்து ஆர்.சி. புக்கைத் தேடி எடுங்கள். அதில் இருக்கும் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால், மீதி எதுவாக இருந்தாலும் திருவொற்றியூரில் செய்துவிடலாம்.